ரெண்டு தரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பா சுகமா என்றால் பாதி சுகம் என்றுதான் எழுத முடியும், கை சுகம், வாய் சுகமில்லை. பேத்தி மேடையேறிப் பேசி முதல் பரிசு வாங்கிய படத்தை அரிசிக் கடைக்காரர் முதல் தையல்காரம்மா வரை காட்டியாகிவிட்டது, என்னைக் கண்டாலே ஆட்கள் ஒதுங்குகிறார்கள், ஒதுங்கட்டும். அது யார் வாய், தாத்தா வாய். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நடுக்கத்துக்காக அப்பா மண்டைக்குள் கம்பி விட்டு, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைத்தார்களே, அதில் கரண்டைக் கூட்டினால் கை நிற்கிறது, நாக்கு குழறுகிறது. குறைத்தால் நாக்கு திரும்புகிறது, கை ஆடுகிறது. டாக்டர் ரெண்டையும் செய்து காட்டி எது வேண்டும் என்று கேட்டபோது நீயும் போனில் முகம் காட்டிக்கொண்டுதான் இருந்தாய். கூட்டி வைத்திருந்த நேரம், அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை, ரெண்டு விரலைத் தூக்கினார். நீ சிரித்துக்கொண்டே, பாருங்க டாக்டர், ஜெயிச்சிட்டேன்னு காட்டுறார், அப்படியே வெச்சிடுங்க என்றாய். காய்கறி மண்டியில் ஏலம் கூவின மனிதருக்குப் பிறந்தவன் நீ. அங்கே ரெண்டு விரல் என்றால் ரெண்டு தரம், இன்னும் முடியவில்லை, யாராவது மேலே கேளுங்கள் என்று அர்த்தம். யாரும் கேட்கவில்லை. நான் வாயெடுப்பதற்குள், அதான் உங்க மகனே சொல்லிட்டாரேம்மா என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

இப்போது அப்பா டீ சிந்துவதில்லை, சட்டைப் பித்தானை அவரே போட்டுக்கொள்கிறார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றாலும் சைகைதான். போன வாரம் வெங்காயக்காரர் பார்க்க வந்து, மண்டியில் அப்பாவுக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, என்ன மைக்செட்டு, கரண்டு கட்டா என்று பழைய உரிமையில் கேலி செய்தார். அப்பா மெனக்கெட்டு ஏதோ பதிலடி கொடுத்தார், அவருக்குப் புரியவில்லை, சிரித்து வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே அப்பா உள்ளறைக்குப் போய்விடுகிறார். நீ மட்டும் என்ன, அப்பா பேசறது புரியலம்மா, நீயே சொல்லு என்கிறாய். கரண்டைக் குறைக்கலாமா என்று போனில் கேட்டதற்கு, தங்கச்சி கல்யாணத்துல நாலு பேர் முன்னாடி கை ஆடினா நல்லாவா இருக்கும் என்றாய். ஆடுவது அவர் கை, போவது உன் மானமா. அவருக்கு வைத்தியம் பார்த்தோமா, கல்யாண போட்டோவுக்கா.

நானே அவரிடம் கேட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குறை, என்று ஒரே வார்த்தை சொன்னார். எனக்குப் புரிந்தது, காத்திருந்தால் யாருக்கும் புரியும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அஞ்சாம் வகுப்பு படித்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று டாக்டருக்கு முந்திக்கொண்டு போன் போடாதே. அன்று சாயங்காலம் அப்பாவே உன்னைக் கூப்பிடுவார். கை ஆடும், போனும் ஆடும், முகம் நேராகத் தெரியாது. நீ முகத்தைப் பார்க்க வேண்டாம், கேட்டால் போதும்.

மூவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். பேத்திக்கு என் முத்தம். அங்கே குளிர் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, வியாழக்கிழமை மட்டும் திறந்து வை. போனில் சொன்னது ஒரு தரம். இந்தக் கடிதம் ரெண்டு தரம். மூணாம் தரத்தை அப்பா வாயாலேயே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
மைக்செட்டின் மனைவி,
உன் அம்மா