மகன் வீட்டில் இல்லை

வெள்ளவத்தை,
ஞாயிறு.

அன்புள்ள கார்த்திகன் அண்ணாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வட்ஸ்அப்பில் அப்பாவின் கதையை எடுத்தால் உங்கள் பதில் நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

என் பிறந்தநாளுக்குக் கனடாவிலிருந்து நீங்கள் ஓடர் பண்ணிய கேக் கிடைத்தது. நன்றி. அது வந்த விதத்தைத்தான் எழுத வேண்டும்.

அப்பாவின் மறதி முற்றிவிட்டது. சில நேரம் என்னையே நர்ஸ் என்கிறார். ஆனால் வாசல் மணி அடித்தால் அடையாள அட்டையோடு எழும்பிவிடுவார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய தெமட்டகொடை வீட்டை எரித்தபோது அவர் இளந்தாரி. அதற்குப் பிறகு, பொலிஸில் பதிந்து, ஒன்றையும் மறைக்காமல், குனிந்து நடந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார். 2008 இராணுவச் சுற்றிவளைப்பில் அவர்கள் கேட்க முன்னமே, "கார்த்தி, ஐசியை எடுத்துக்கொண்டு வா, சேர்மார் பாக்கினம்" என்று உங்களை அவரே கூப்பிட்டார். இரண்டு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். ஏனென்று இன்றுவரை ஒருவனும் சொல்லவில்லை. கூட்டிப்போனவர்கள் பென்ஷன் எடுக்கிறார்கள். நீங்கள் கோபித்திருப்பது அப்பாவோடு. எனக்கு வயிறு எரிகிறது, அண்ணா.

கேக் கொண்டுவந்தவர் அஸாம் என்ற டெலிவரிக்காரர். மணிச் சத்தம் கேட்டு நான் குளியலறையிலிருந்து ஓடிவந்தேன். அப்பா உங்கள் அறைக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். "மஹத்தயா, புதா கெதர நே" என்று சிங்களத்தில் சொன்னார். ஐயா, மகன் வீட்டில் இல்லை.

"அங்கிள், நமக்கிட்ட ஹெல்மட்தான் ஈக்கி, துவக்கு இல்ல" என்று அஸாம் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேக்கை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

அப்பா என்னிடம் குனிந்து, "சத்தம் போடாதை பிள்ளை, அண்ணா உள்ளுக்கை படுத்திருக்கிறான்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கண்டது அன்றுதான். அந்தப் பொய் வந்து சேரப் பதினெட்டு வருடம் எடுத்திருக்கிறது.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அது உங்கள் பாடு. ஒருமுறை வாருங்கள், அவ்வளவுதான். கதவைத் திறந்து உங்கள் முகத்தைப் பார்த்தே மகன் வீட்டில் இல்லை என்பார். கோபித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அவர் ஒளித்து வைத்திருப்பது உங்களைத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
மிதுனா