மேஸ்திரிக்கு ஒரு பெல்ட்

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் என் வாயில் "ம்" தவிர ஒன்றும் வருவதில்லை என்று அம்மாவுக்குக் குறை. அதனால் எழுதுகிறேன்.

நம் கோழி மேஸ்திரி வயிறு நிறைய முட்டையோடு நிற்கிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். அவள் முட்டையிட்டு ஐந்து வாரம் ஆகிறது அப்பா. நம் தையல் கடைக்குள் புகுந்து எல்லாரையும் வேலை வாங்குவதுபோல் நடப்பவள், மெஷினடியிலேயே உட்கார்ந்து கிடக்கிறாள் என்றால் அது முட்டை இல்லை. பின்வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய பலூன்போல இருந்தால் நீர் கோத்திருக்கிறது. உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "கோழிதானே" என்று விட்டுவிடாதீர்கள். கல்லூரிக் காலம் முழுக்க நான் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

உங்கள் மகள்

---

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல, பட்டனுக்குக் காஜா போடுற மாமா எழுதுறது.

நீ சொன்ன மாதிரியே தண்ணிதான். மேஸ்திரியைப் பையில வச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு குடுக்குற கம்பவுண்டர் பையைத் திறந்து பார்த்துட்டு, "மாடு, ஆடு, நாய்க்குத்தான்யா இங்க சீட்டு. கோழிக்குச் சட்டிதான் பெரியாஸ்பத்திரி"ன்னார். வரிசையில நின்ன பத்துப் பேரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டு வந்துட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றே?

ஆனா கை சும்மா இருக்குமா? டேப்பை எடுத்து வயித்தை அளந்தேன். பதினாலரை அங்குலம். உள்ளே காலர் விறைப்பா நிக்க வைக்கிற கேன்வாஸ் குடுத்து, முதுகுப் பக்கம் மூணு கொக்கி வச்சு ஒரு பெல்ட் தச்சேன். இறுக்கிப் போட்டதும் பதிமூணுக்கு வந்துடுச்சு. இப்படியே இறுக்கிக்கிட்டு வந்தா வீக்கம் வத்திடும். "இந்த ஃபிட்டிங் மாப்பிள்ளைக்குக்கூட அமையாது"ன்னு காஜா மாமாவே சொல்றார். போட்டதிலேருந்து சத்தமே இல்லாம அமைதியா இருக்குது.

அப்பா

---

பிப்ரவரி 12

அப்பா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. முதலில் கத்தரியை எடுத்து அந்தப் பெல்ட்டை வெட்டுங்கள். பிறகு மேலே கேளுங்கள்.

அது அமைதி இல்லை, மூச்சுத் திணறல். நெஞ்சும் வயிறும் சேர்ந்து அசைந்தால்தான் கோழிக்குள் காற்றுப் போகும். அந்த வயிற்றைக் கேன்வாஸ் வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். முப்பது வருடமாக ஆளை அளக்கிறவருக்கு, உயிருள்ள உடம்புக்கும் கடை வாசல் பொம்மைக்கும் வித்தியாசம் தெரியாதா? அறிவுள்ளவர் செய்கிற காரியமா இது? இதில் ஃபிட்டிங் பெருமை வேறு! எவனோ கேலி செய்தால் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காமல் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவீர்களா? உங்கள் மகள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

மறுபடி போங்கள். டாக்டரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

---

பிப்ரவரி 18

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தப்ப கடையில நாலு பேர் இருந்தாங்க. டீச்சரம்மா ரவிக்கை வாங்க வந்திருந்தாங்க. "பட்டதாரி பொண்ணு என்ன எழுதியிருக்கா, வாசிங்க கேட்போம்"னு நான்தான் பெருமையாச் சொன்னேன். காஜா மாமா சத்தமா ஆரம்பிச்சுட்டார். பாதியில குரல் இறங்கிப்போச்சு. "அப்புறம் எல்லாரும் நலமான்னு கேட்டிருக்கா"ன்னு மடிக்கப் பார்த்தார். அத்தனை கோபத்துல நலம் எங்கேருந்து வரும்? விடாம வாசிக்கச் சொன்னேன். டீச்சரம்மா ரவிக்கையைப் போட்டுப் பார்க்காமலே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

பெல்ட்டை அப்பவே வெட்டிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு இல்லாமலே டாக்டரம்மா அறை வாசல்ல நின்னேன். நல்ல மனுஷி. ஊசி வச்சு ஒண்ணரை டம்ளர் மஞ்சத் தண்ணி எடுத்தாங்க. மருந்தும் குடுத்தாங்க. ரெண்டு நாள் நல்லாத் தீனி எடுத்துச்சு. நேத்துக் காலையில மெஷினடியில பார்த்தேன், போயிடுச்சு.

நீ எவ்வளவு வேணா திட்டு, பெத்தவன் வாங்கிக்குவேன். ஊரார் முன்னால, அடுத்தவர் வாயால எனக்குத் திட்டு வாங்கிக் குடுத்தியே, அதுதான் ஆறலை.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பெல்ட்டாலதான் செத்துச்சா? டாக்டரம்மாகிட்டக் கேட்க எனக்குத் தைரியம் வரலை.

அப்பா

---

பிப்ரவரி 23

அன்புள்ள அப்பாவுக்கு,

டாக்டரம்மாவிடம் நானே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். முட்டைக் கரு குழாயில் இறங்காமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கிறது. பெல்ட் அவளை வதைத்தது. கொன்றது பெல்ட் இல்லை. முதல் நாளே உள்ளே விட்டிருந்தால் பிழைக்க வழி இருந்தது என்கிறார். ஒரு சீட்டு அப்பா, ஒரு துண்டுக் காகிதம்! அதைக் கொடுக்காமல் சிரித்தவர் இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறார். சனிக்கிழமை வருகிறேன். கடையை அரைநாள் மூடுங்கள், இருவரும் போய்க் கேட்போம். எனக்குக் குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

என் கடிதங்களை உங்களுக்கு யார் வாசிப்பார், எங்கே வைத்து வாசிப்பார் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் எழுதினேன். கம்பவுண்டர் உங்களைப் பத்துப் பேர் முன்னால் சிறுமைப்படுத்தினார் என்று கொதித்த நான், நாலு பேர் முன்னால் அதையேதான் செய்தேன்.

காஜா மாமா, டீச்சரம்மா வரும் நேரம் பார்த்து, கீழே உள்ளதைச் சத்தமாக வாசியுங்கள். ஒரு வார்த்தையும் விழுங்காதீர்கள்:

இந்தக் கடைக்காரரின் மகள் நான். என் அப்பாவைப் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் மகள்