இடது ஓரத்தில் ஒரு புள்ளி

ஜனவரி 14

இன்று கடைத்தெருவைத் தொலைத்தேன். நகராட்சியிலிருந்து மூன்று பேர் எங்கள் கொதிகலன் நிலையத்துக்கு வந்தார்கள். வீடுகளுக்கு வெந்நீர் போகும் குழாய்களைக் கணினியில் நான் வரைந்திருப்பதைக் காட்டச் சொன்னார் மேலாளர் தெமிர்பொலாத். சூடு போகும் வீடு சிவப்புப் புள்ளி, போகாத வீடு நீலம். டெல்ஃபி என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு புள்ளியும் நான் வைத்தது. குறுக்கே இத்தனை, கீழே இத்தனை, நிறம் இது என்று புள்ளிக்கு ஒரு வரி. வந்தவர்களில் ஒருவர் ஏதோ கூட்டிப் பார்க்கப் படத்தின் மேலேயே கால்குலேட்டரைத் திறந்தார். மூடினார். அது இருந்த இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை.

"கடைத்தெரு எங்கேப்பா போச்சு?"

"சாப்பாட்டு நேரம்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 15

மேலே எதையாவது வைத்தால் அடியில் இருப்பது ஏன் அழிகிறது? தெரியவில்லை. நான் வெல்டராக இருந்தவன். பாடம் படித்த புத்தகத்துக்கோ பின்பாதி கிடையாது. நிரலை மூடித் திறந்தால் படம் வரும். எந்த வால்வு திறந்திருக்கிறது என்பது மட்டும் அதற்கு மறந்துபோகும். அதெல்லாம் என் தலையில்தான்.

பிப்ரவரி எட்டு, மகள் ராவ்ஷானை வழியனுப்பும் விருந்து. மேலாளரிடம் விடுப்புக் கேட்டேன். தவுலெத் என்ற என் பெயரை மரியாதையாகச் சுருக்கித் தாவ்கே என்பார் அவர்.

"தாவ்கே, நீங்க போனா எங்களுக்குக் கண்ணு தெரியாது. குளிர்காலம் முடியட்டும்."

"கல்யாணம் குளிர்காலத்துலதானே வருது?"

"அதை மாப்பிள்ளைகிட்ட சொல்லிப் பாருங்க."

ஜனவரி 23

கலீனா பெத்ரோவ்னாவுக்கு நிரலைச் சொல்லிக் கொடுத்தேன். என்னோடு திரையைப் பார்த்து உட்காருபவள் அவள்தான். இரண்டு பக்கம் படித்தாள்.

"இது என்ன தவுலெத், பேய் ஓட்டுற மந்திரமா? என்னை விட்டுடு."

மற்றவர்களைப் பூட்டிவைக்கச் செங்கல் வேண்டும். எனக்குப் புள்ளி போதுமாயிருந்தது. அதையும் நானேதான் அடுக்கினேன்.

ஜனவரி 30

"மேற்குக் கோடியில அக்தோபேக்குப் போறா பொண்ணு. ரயில்ல ரெண்டு நாள். வழியனுப்ப அப்பன் வருவானா, இல்ல அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வருமா?" என்றாள் ஜிபெக். மனைவி கேட்டது நியாயம்தான். ராவ்ஷான் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தாள்.

பிப்ரவரி 7

மைனஸ் முப்பத்தொன்பது. பள்ளிக்கூடத்துப் பக்கம் குழாய் வெடித்தது. வீட்டுக்குப் போகவில்லை. சட்டை அங்கேயே தொங்குகிறது.

பிப்ரவரி 8

மத்தியானம் வெளியே ஹாரன். மாப்பிள்ளை வீட்டுக் கார். அப்பன் ஆசி கொடுக்காமல் பெண் ஊரை விட்டுப் போகலாமா? அதனால் அவளே வந்துவிட்டாள், தலையில் கோபுரம் மாதிரி மணப்பெண் தொப்பியோடு. எங்கள் கதவு குட்டை. தொப்பி நுழையவில்லை.

"கோக்கே, நீங்களே வெளிய வாங்க!" அப்பாவை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"நிலையைத் தாண்டாத தவுலெத், இப்பத்தான் ஒரு வால்வு மாத்தினோம், கம்ப்யூட்டர்ல என்ன போடணும்னு எனக்குத் தெரியாது!" என்று உள்ளேயிருந்து கலீனா.

உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். கைகளை ஏந்தி ஆசி சொன்னேன். பாதியில் சொற்கள் — எங்கே போய்த் தொலைந்தன? முடித்து, வழக்கப்படி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வால்வு திருகிய கை. முகமெல்லாம் கிரீஸ்.

"ஐயோ கோக்கே" என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

போகும் பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. நல்ல பிள்ளை.

பிப்ரவரி 9

எல்லா வீடும் சிவப்பு.

ஏப்ரல் 16

நேற்றோடு கொதிகலனை அணைத்தாயிற்று. "இப்ப எடுங்க தாவ்கே லீவு, எத்தனை நாள் வேணுமோ அத்தனை" என்றார் தெமிர்பொலாத். ஊர் முழுக்க நீலம். வேலை இல்லை. நிரலைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்: குறுக்கே ஒன்று, கீழே பாதி உயரம், சிவப்பு. அங்கே எங்கள் குழாய் எதுவும் போவதில்லை.

சாயங்காலம் கலீனா ஈரத்துணியால் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஓரத்துல ஏதோ அழுக்கு. போகவே மாட்டேங்குது."

"விடுங்க, பழைய திரை" என்றேன்.

அது ராவ்ஷான் வீடு என்று சொல்லவில்லை.