பக்கத்து நாற்காலியில் துண்டு

தோஸ்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பைபாஸ் முடிந்து ஏழு மாதம். மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறேன். போன மாதம் உனக்கு ஸ்டென்ட் வைத்ததாக உன் மகள் ஜூடி சொன்னாள். வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லையாமே.

காலடிப்பேட்டை சர்ச் ஹாலில் நம்மைப் போன்ற ஆட்களுக்கு யோகா சொல்லித்தருகிறார்கள். டாக்டரே அனுப்பினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி மெதுவாகக் கையைத் தூக்கினால் போதும். முதல் நாள் அதிலேயே மாட்டிக்கொண்டேன். கை மேலே போனதும் வயிற்றை இறுக்கித் தம் கட்டிவிட்டேன். டீச்சர் ஓடி வந்தாள்.

"மூச்ச அடக்காத நைனா, நெஞ்சுக்கு ஆவாது. இன்னா, மூட்டையா தூக்கினுகீற?"

"முப்பது வருசம் ஹார்பர்ல அதாம்மா தூக்குனேன்" என்றேன். தம் கட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று சொல்லவில்லை.

இப்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்குகிறேன். நீயும் முதல் நாள் அதே தப்பைத்தான் செய்வாய். அதை நான் பார்க்க வேண்டும்.

யூனியன் தேர்தலன்று நாம் சண்டையில் பேசிக்கொண்டதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

செவ்வாய், வெள்ளி, காலை ஏழு மணி. பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு வைக்கிறேன். கேட்பவர்களிடம் "ஆள் வருது" என்கிறேன். மூன்று வாரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் மூட்டை ஜோடி