வெண்டல் மாமாவின் பதினாறு அங்குலக் கால்

ஆல்டர் கிரீக், வாஷிங்டன் மாநிலம்
மே 19, 1996

அன்பு மகள் ஜோலினுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு முட்டிவலியைத் தவிர சுகம், எனக்கு அப்பாவைத் தவிர சுகம். அங்கே ஜப்பானில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்ய, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு உன் தொப்பியையா இழுத்துவிட முடியும். ஆறு வாரத்துக்கு ஒரு கடிதம் போடுகிறாய், அதிலும் பாதி பனி பெய்த கதை. போன கடிதத்தில் பட்டன் எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, என்னைத் தேடுகிறானா என்று மூன்று முறை கேட்டிருந்தாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, நாயாய்ப் பிறந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். சரி, பட்டனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் உன் பழக்கம் எனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தை அப்படிப் படிக்காதே, வரிசையாகப் படி.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில் பட்டன் வீட்டு வாசலில் வந்து நின்றான். நெஞ்சில் ரத்தம், பல்லிடுக்கில் ஆட்டு ரோமம், வால் மட்டும் ஏதோ பரிசு வாங்கி வந்தவனைப்போல ஆடுகிறது. நான் குழாயைத் திறந்து அவனைக் கழுவுவதற்குள் ஐவர் ஹாகனின் லாரி வந்து நின்றுவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் அவருடைய மேய்ச்சலில் இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன, இரண்டும் குட்டி போட்டு மூன்று வாரமான தாய் ஆடுகள். அவர் போனபோது ஒரு ஆட்டின்மேல் நம் பட்டன் நின்றுகொண்டிருந்தானாம், கையும் களவுமாக என்பார்களே, அப்படி. ஐவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம், "மெர்ல், நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. என்ன செய்யணும்னு உனக்கே தெரியும். சனிக்கிழம வரைக்கும் வச்சுக்க," என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

நீ இங்கே இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். நாங்கள் போக முடியவில்லை ஜோலின். ஆட்டை ருசி பார்த்த நாய் நிறுத்தாது, அதை அந்த வீட்டுக்காரர்தான் முடிக்க வேண்டும், அடுத்தவர் கையில் விடக்கூடாது என்பது இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்டுக்குட்டிகள் மூன்றைக் குதறியது ஐவரின் நாய். அன்றைக்கு அவர் எங்களைச் சொல்லவே விடவில்லை, தானே கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டுவிட்டு, மறுநாள் நம் வைக்கோலைக் கட்ட வந்து நின்றார், கண் மட்டும் சிவந்திருந்தது. அந்த மனுஷனிடம் போய் எங்கள் நாய் அப்படிப்பட்டதில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது. அப்பா அன்று சாப்பாட்டு மேசையில் துணியை விரித்து, சுத்தமாக இருந்த துப்பாக்கியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். பட்டன் அவர் காலடியில் படுத்துக்கொண்டு எண்ணெய் வாசனைக்குத் தும்மினான்.

ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் தாத்தாவின் கறிக்கடையில் இருபது வயதுவரை தோல் உரித்தவள் நான், எனக்குத் தெரியாத கடி இந்த ஊரில் கிடையாது. நாய் கொன்றால் அதில் ஒரு ஒழுங்கு இருக்காது, காது, தொடை, வால் என்று கண்ட இடத்தில் குதறிவிட்டு, தின்னத் தெரியாமல் அடுத்ததைத் துரத்தும். மலைச்சிங்கம் பிடரியில் ஒரே கடி, பிறகு இலைதழையைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் போகும், உன்னைவிட ஒழுங்காக மிச்சத்தை எடுத்துவைக்கத் தெரிந்த பிராணி. கரடிதான் முதுகில் அறைந்து சாய்த்து, பால் மடியை முதலில் தின்றுவிட்டு, தோலைக் கம்பளிச் சட்டையைக் கழற்றுவதுபோல உள்ளும் புறமுமாகப் புரட்டும். நான் ஐவருக்குப் போன் செய்து மடி இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். தோல் எப்படி இருந்தது என்றேன், புரண்டு கிடந்தது என்றார். அப்படியானால் கரடிதான் ஐவர், புதைத்ததைத் தோண்டி எடுத்து வையுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். அவர், "ஆர்லீன், உன் நாய்க்காக என் ஆட்டத் திரும்பத் தோண்ட மாட்டேன். நான் பாத்தது நாய். கரடியோட ஒரு மயிரக்கூட பாக்கல," என்று சொல்லி வைத்துவிட்டார். டிராக்டரால் குழி பறித்துப் புதைத்துவிட்டார், அதே டிராக்டர் தடம் எல்லாவற்றையும் நசுக்கிவிட்டது, மிச்சத்தைப் பகல் மழை கழுவிவிட்டது. வனத்துறை ஆள் அடுத்த வாரம்தான் வருவாராம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இந்த இடத்தில் உன் அருமை மாமா நுழைகிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மழைக்கு முன்னால் வெண்டல் ஓடைக்கரையில்தான் அலைந்துகொண்டிருந்தான், வேறு என்ன வேலை அவனுக்கு. ஐவரின் வேலிக்கு இந்தப் பக்கம், சேற்றில், பெருங்காலனின் காலடி கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவன் தேடுகிற, உடம்பெல்லாம் ரோமத்தோடு மனுஷன்போல இரண்டு காலில் காட்டில் திரிகிறதாம், யாரும் பிடித்துக் காட்டாத அந்தப் பெருங்காலன்! பதினாறு அங்குலம், ஐந்து விரல். பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்து, அதை என் பழைய போர்வையில் சுற்றி, ஒரு மரப்பெட்டி செய்து, மாத முடிவில் நடக்கும் பெருங்கால் திருவிழாவில் சியாட்டில்காரர்கள் முன்னால் வைக்கப் போகிறேன் என்று கடைவீதியெல்லாம் சொல்லியாகிவிட்டது. முதல் அச்சை அவன் எடுத்தபோது மாவு கரைக்க என் கேக் பாத்திரத்தைத் திருடிக் கொடுத்த கூட்டாளி யார் என்று நான் மறக்கவில்லை. அந்த அச்சு அவனுடைய சொந்தப் பூட்ஸ் தடம் என்பதையும் நான் மறக்கவில்லை, அவனையும் மறக்க விட்டதில்லை. இரண்டாவது, சேற்றில் வழுக்கின மாடு. மற்றதெல்லாம் கரடி என்று குழந்தைக்கும் தெரியும், அவன் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டான். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதற்கு என் தம்பியைத்தான் படம் போட்டு வைக்க வேண்டும்.

பட்டன் சேதி கேட்டதும் புதன்கிழமை ஓடி வந்தான். "அக்கா, அத்தான், ஒண்ணும் கவலப்படாதீங்க, பட்டன் கொல்லல, பெருங்காலன்தான் கொன்னான், நான் வந்து ஐவர்கிட்ட சாட்சி சொல்றேன்," என்றான். அப்பா இரண்டு நாளில் முதல் முறையாக வாயைத் திறந்து, "வெண்டல், நீ சாட்சி சொன்னா ஐவர் உன்னையும் சேத்துச் சுடச் சொல்லுவான்," என்றார். மாமா கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போய்விட்டான், அவன் காப்பியை விட்டுவிட்டுப் போனான் என்றால் எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவனுடைய வண்டிவீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்து காட்டுடா என்றேன். இத்தனை வருஷத்தில் நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை, அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. அச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முன்காலை வைத்த குழியின்மேல் பின்காலைப் பாதி ஏற்றி வைத்த கரடி, அதனால்தான் பதினாறு அங்குலம். பெரிய விரல் மனுஷக் காலைப்போல உள்பக்கம் இல்லை, கரடிக்கு இருப்பதுபோல வெளிப்பக்கம். விரல் நுனிக்கு அப்பால் நகம் குத்தின புள்ளிகள். அதோடு குதிகாலில் சின்னதாக இன்னொரு தடம், மூன்று விரல் மட்டும் உள்ள நாய்க்கால். பாவி மகளே, குட்டியாக இருந்தபோது நீ கார்க் கதவைச் சாத்தி நசுக்கிவிட்டு ஒரு வாரம் அழுதாயே, அந்தக் கால். கரடிக் காலின்மேல் பட்டன் கால் பதிந்திருக்கிறது. கரடி போன பிறகுதான் அவன் போயிருக்கிறான், யாரோ சமைத்ததை மோப்பம் பிடித்து.

"ஏன்டா, இந்தப் பெருவிரல் ஏன் வெளிப்பக்கமா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். "அந்த இனத்துக்கு அப்படித்தான்க்கா," என்றான், ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்போதே புரிந்துவிட்டது, அவனுக்கும் தெரியும். பெட்டியைச் செய்யும்போதே தெரிந்திருக்கும். நான் கேலி செய்யவில்லை ஜோலின், உன்மேல் ஆணையாகச் செய்யவில்லை. "வெண்டல், நான் கரடின்னு சொன்னா நாய் வீட்டுக்காரி சொல்றான்னு ஐவர் நினைப்பாரு. உன் அத்தான் சொன்னாலும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமா ஒரு தடவகூட கரடின்னு சொல்லாத ஆளு இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தன்தான். அவன் சொன்னா நம்புவாங்க," என்றேன். அவன் போர்வையைச் சுற்றி, பெட்டியை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நாளைக்கு மழ வரும்போல," என்றான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அப்பா பட்டனுக்கு இரண்டு முட்டையும் பன்றிக் கறியும் பொரித்துப் போட்டார், எனக்கு ஒரு நாளும் பொரித்துப் போட்டதில்லை. லாரியின் பின்னால் அவனை ஏற்றினார், சீட்டுக்குப் பின்னால் துப்பாக்கி. நானும் ஏறி உட்கார்ந்தேன். ஐவரின் முற்றத்தில் அவர் காத்திருந்தார், அவருக்கும் சாப்பாடு இறங்கியிருக்காது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டியை விட்டு அப்பா இறங்கவேயில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அந்த நேரத்தில் வெண்டலின் ஓட்டை வண்டி இருமிக்கொண்டு வந்து நின்றது. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, நம் லாரியின் பின்கதவை இறக்கி, பட்டனுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தான். ஐவர் பெருமூச்சு விட்டு, "வெண்டல், இன்னிக்கு வேண்டாம்ப்பா. பெருங்காலன் கத கேக்கற நாளு இல்ல இது," என்றார். என் தம்பி தொண்டையைச் செருமினான், இரண்டு முறை. பிறகு சொன்னான், "கரடி, ஐவர். முன்காலுமேல பின்காலு வச்சிருக்கு. உங்க வேலிக்கு இந்தப் பக்கம் செவ்வாக்கெழம எடுத்தது. இந்தா பாருங்க, நாய் அப்புறமாத்தான் வந்து மிதிச்சிருக்கு, மூணு விரலு."

ஐவர் அச்சைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தார். "நீயா சொல்ற, கரடின்னு?" என்றார். "நாந்தான் சொல்றேன்," என்றான். அதற்குப் பிறகுதான் ஐவர் குனிந்து பார்த்தார். பட்டனின் காலைத் தூக்கி அந்த மூன்று விரல் தடத்தோடு வைத்துப் பார்த்தார், பட்டன் அவர் கையை நக்கினான், வெட்கம் கெட்டவன். "மடி இல்லாதப்பவே எனக்குத் தோணியிருக்கணும்," என்று ஐவர் மெல்லச் சொன்னார். பிறகு வெகுநேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார், தன்னுடைய நாயை நினைத்துக்கொண்டார்போல. அப்பா இறங்கி அந்தப் பக்கம் போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நான் அழுதேன், மறைக்கவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் அந்தக் கரடியே வந்து ஐவரின் குழியைத் தோண்டிக்கொண்டு நின்றதாம், அவரே ஜன்னலிலிருந்து பார்த்தார். அது வராமலிருந்தாலும் ஐவர் அன்றைக்கே நம்பிவிட்டார், அதைக் குறித்துக்கொள்.

வெண்டல் திருவிழாவுக்குப் பெயர் கொடுத்ததை ரத்து செய்துவிட்டான். கடைவீதியில் நாலு பேர் சிரித்திருக்கிறார்கள், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கரடியா என்று. நானும் இத்தனை வருஷம் அவர்களில் ஒருத்தியாகத்தானே இருந்தேன், இப்போது எனக்கு அவர்களை அறையவேண்டும்போல இருக்கிறது. இன்று காலை வழக்கம்போல அப்பம் தின்ன வந்தான். ஐந்து தின்னும்வரை பேசவில்லை. ஆறாவதுக்குச் சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொண்டே, "கரடிதான்க்கா, நான் இல்லங்கல. ஆனா மே மாசத்துல அந்தக் கரடி மலைய விட்டு எறங்கி வருதுன்னா, அது எதப் பாத்து பயந்து வந்திருக்கும்?" என்றான். அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. என் நாக்கு நுனியில் நல்ல பதிலாக மூன்று இருந்தது, மூன்றையும் விழுங்கினேன். காப்பியை ஊற்றி, "யாருக்குடா தெரியும், இருந்தாலும் இருக்கும்," என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான் ஜோலின், ஏழு வயதில் பார்த்த மாதிரியே பார்த்தான்.

ஆகையால் நீ ஒன்று செய். பட்டனைக் காப்பாற்றியதற்கு மாமாவுக்கு நன்றி என்று எழுதாதே, அவன் கூச்சப்படுவான். கரடி என்ற சொல்லே உன் கடிதத்தில் வரக்கூடாது. அந்தப் பனிக்காட்டில் ஏதாவது பெரிய தடம் பார்த்தாயா, எத்தனை அங்குலம் இருந்தது, அளக்க எது நல்லது என்று மாமாவிடம் கேட்டு எழுது. பொய்தான், பரவாயில்லை, நான் பொறுப்பு. அச்சைப் பட்டனின் படுக்கைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், அது எத்தனை அங்குலம் என்று யார் கேட்டாலும் நான் பதினாறு என்றுதான் சொல்லப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும், கடவுள் உன் காலடியைக் காக்கட்டும். காதை மூடிக்கொள்.

உன் அம்மா,
ஆர்லீன்

பி.கு: அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்டு எழுது.