கழட்டினது கழட்டியாச்சு

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் இப்போதாவது படியேற விடுகிறதா?

நேற்று ஒரு டீச்சரம்மா, டைமிங் பெல்ட் மாற்ற எங்கள் பட்டறையில் காரை விட்டிருந்தார்கள். வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றேன்.

"ஒழுகாத பம்பை எதுக்குப்பா மாத்தணும்? என் தலையில மிளகாய் அரைக்கப் பாக்கிறியா?"

"இல்லைங்கம்மா. பம்பு பெல்ட்டுக்குப் பின்னாடி இருக்கு. நாளைக்கு ஒழுகினா இதையெல்லாம் மறுபடியும் கழட்டணும், கூலியும் மறுபடி ஆகும். கழட்டினது கழட்டியாச்சு, கையோட முடிச்சிடலாம்."

பம்பைக் கையால் சுற்றிக் காட்டினேன். கரகரவென்றது. சம்மதித்துவிட்டார்கள்.

பக்கத்தில் நின்ற முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதுதான் சமயமென்று வாயைத் திறந்தேன். என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்து நாள்தானே லீவு கொடுத்திருந்தார்?

"அண்ணே, அவ்வளவு தூரம் போறதுதான் போறேன். பத்து நாள்ல சின்னவன் என்கிட்ட ஒட்டுறதுக்குள்ள கிளம்பணும். ஒரு மாசமா கொடுத்திடுங்க."

"அடப்பாவி, டீச்சரம்மாகிட்ட சொன்னதையே என்கிட்டயும் சொல்றியா?" என்றார். கொடுத்துவிட்டார்!

ஒரே ஒரு வேண்டுகோள். குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஃபேன் சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தாய். ஆள் வைத்துச் சரிபண்ணிவிடாதே. இங்கே ஊரார் வண்டியெல்லாம் என் கைபட்டு ஓடுகிறது. நம் வீட்டிலும் ஏதாவது ஒன்று என் கைபட்டு ஓடட்டும்.

வாசலில் ஹாரன் அடிக்கிறார்கள், அடுத்த வண்டி வந்துவிட்டது. குழாய்க்கடியில் வாளியை வை. நான் வரும்வரை சொட்டட்டும்.

உன் வீட்டுக்காரன்