தீவுக் கடையில் மாட்டிக்கொண்டோம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன், பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

உன் தங்கை கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாளே, தீவில் சின்னதாக இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், அவரை அவளுக்குத் தெரியாமல் பார்த்து வரலாம் என்று நானும் அப்பாவும் படகேறிப் போனோம். ஊர் சுற்ற வந்தவர்கள் மாதிரி இருக்கணும், நீ வாயையே திறக்காதே என்று வழி நெடுக எனக்குப் பாடம் நடத்தினார் உன் அப்பா. நாலைந்து மேசைதான், சமையலும் அவர்தான், பரிமாறுவதும் அவர்தான். அப்பா ரசத்தைக் குடித்துவிட்டு உப்பு கம்மி என்றார், பிறகு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தார். நான்தான் காரியத்தைக் கெடுத்தேன். எங்கே சாப்பிடப் போனாலும் என் எலுமிச்சை ஊறுகாய் பையில் இருக்குமே, பழக்கதோஷம், எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். தண்ணீர் ஊற்ற வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூடிமேல் துணி போட்டு நூல் சுற்றிய இதே மாதிரிப் பாட்டிலை உன் தங்கை அவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், கள்ளி! ஐயோ அம்மா, நீங்களா, சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா என்று உள்ளே ஓடியவர், வேறு சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அப்பாவே சிரித்துவிட்டார்.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்டா, ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காற்று பலமாக அடித்தால் படகு ஓடாதாம். கல்யாணமாகி நாளைக்கு அவளுக்குப் பிரசவ வலி எடுக்கிற நேரம் பார்த்துக் காற்று அடித்தால் நான் எப்படிப் போய்ச் சேர்வேன்? நீ வேலைக்கென்று தூரமாகப் போனபோது இவளாவது பக்கத்தில் இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்பாவைக் கேட்டதற்கு, பெரியவன் சொல்றபடி செஞ்சிடலாம் என்று உன் தலையில் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் போனில் கூப்பிடுவார். சரி என்று சொல்லிவிடு கண்ணா. நாங்கள் போய் வந்தது அவர் சொல்லி அவளுக்கும் தெரிந்துவிட்டது, மலர்ந்து கிடக்கிற அவள் முகத்தை இப்போது நீ பார்க்க வேண்டுமே.

இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே உன்னைக் கூப்பிட்டு, வேண்டாம்னு சொல்லிடுடா என்று அழுதாலும் அழுவேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா